பல்பிடுங்கிச் சரிவு

மூன்று மாதங்களாக நினோனின் அப்பா எர்வே ஓர் எதிரியோடு போராடிக்கொண்டிருந்தார். அந்த எதிரியின் பெயர் பள்ளி விடுமுறை.

நினோன் படிக்கும் லியோன் பள்ளிகளுக்கும் பாரிஸ் பள்ளிகளுக்கும் குளிர்கால விடுமுறை வேறு வேறு வாரங்களில் வரும். நடுவில் ஒரே ஒரு வாரம் மட்டும் இரண்டும் ஒன்றன்மேல் ஒன்று ஏறி உட்கார்ந்துகொள்ளும். அந்த வாரத்தில் பனிமலைக்குப் போகிறவர்கள் சறுக்குவதில்லை. வரிசையில் நிற்கிறார்கள்.

நினோனின் பெரியம்மா மகன் கஸ்பார் பாரிஸில் படிக்கிறான். அவனும் வரவேண்டும் என்றால் அந்த ஒரு வாரம்தான்.

"வரட்டும். மொத்த பாரிஸும் வரட்டும். என்கிட்ட திட்டம் இருக்கு" என்றார் அப்பா.

சாப்பாட்டு மேசையில் மலையின் வரைபடத்தை விரித்தார். அதற்கு இடைஞ்சலாக இருந்த ஜாம் பாட்டிலை, ஒரு தளபதி எதிரிக் கோட்டையை அகற்றுவதுபோல அகற்றினார்.

"நம்ம ஊர்ல மத்தியானம் ஆச்சுன்னா, மலையே இடிஞ்சாலும் எல்லாரும் தட்டு முன்னாடிதான் இருப்பாங்க. நாம அதுக்கு முன்னாடியே சாப்பிட்டுடறோம். அவங்க சாப்பிடறப்போ நாம சறுக்கறோம்."

"அவ்வளவு சீக்கிரம் பசிக்காதே?" என்றாள் அம்மா சில்வி.

"பசி எல்லாம் திட்டத்துல இல்ல. அடுத்தது, மலையோட பின்பக்கம். அங்க ஒருத்தரும் போக மாட்டாங்க."

"ஏன்ப்பா போக மாட்டாங்க?" என்று கேட்டாள் நினோன்.

அப்பா இருமினார். "கொஞ்சம் செங்குத்தா இருக்கும்."

வரைபடத்தில் முன்பக்கம் முழுவதும் பச்சை, நீலம், சிவப்புக் கோடுகள். பின்பக்கத்தில் ஒரே ஒரு கோடு. கறுப்பு. பச்சைச் சரிவில் குழந்தைகள் இறங்குவார்கள். கறுப்புச் சரிவில் இறங்கியவர்கள் அதைப் பற்றி வருடம் முழுக்கப் பேசுவார்கள். அந்த ஊர்க்காரர்கள் இந்தக் கறுப்புச் சரிவுக்கு வைத்திருந்த செல்லப்பெயர் பல்பிடுங்கி.

"நினோன் வெண்கல நட்சத்திரம் வாங்கிட்டா. அவ இறங்கிடுவா. கஸ்பார்தான் எப்படின்னு தெரியல" என்றாள் அம்மா.

அந்தச் சந்தேகம் சனிக்கிழமை மாலை தீர்ந்தது. கஸ்பார் ரயிலிலிருந்து இறங்கியபோது அவனுடைய நீல ஜாக்கெட்டின் மார்பில் ஒரு வெண்கல நட்சத்திரம் மின்னியது.

சறுக்குப் பள்ளியில் முதலில் கரடிக்குட்டி பேட்ஜ் தருவார்கள். அடுத்தது பனிப்பூ. பிறகு முதல், இரண்டாம், மூன்றாம் நட்சத்திரம் என்று ஏறவேண்டும்; அதற்கும் மேலேதான் வெண்கலம். வெண்கலத்தை எட்ட நினோனுக்கே ஆறு குளிர்காலம் பிடித்திருந்தது.

"அட்றா சக்கை!" என்று அப்பா கஸ்பாரின் தோளில் தட்டினார். "திட்டம் ஓடும்!"

கஸ்பார் ஏதோ சொல்ல வாயைத் திறந்தான். பின்னால் வந்த கூட்டம் அவனை அப்படியே தள்ளிக்கொண்டு போய்விட்டது.

மறுநாள் காலைச் சிற்றுண்டி செரிப்பதற்குள் மதியச் சாப்பாட்டைச் சாப்பிட்டார்கள். கஸ்பார் மட்டும் தட்டில் இருந்த உருளைக்கிழங்கை இடமிருந்து வலமாக நகர்த்திக்கொண்டிருந்தான்.

முன்பக்கத்தில் ஜனங்கள் புளிமூட்டை போல நெருக்கியடித்து நின்றார்கள். அப்பா அவர்களைப் பார்த்துக் கையசைத்தார். பின்பக்கச் சரிவின் உச்சிக்குப் போகும் பழைய நாற்காலி லிஃப்டில் ஓர் ஆள்கூட இல்லை. கம்பியில் தொங்கிக்கொண்டு வரும் அந்த நாற்காலி ஒவ்வொன்றிலும் இரண்டு பேர்தான் உட்கார முடியும். அப்பாவும் அம்மாவும் முன்னால் ஏறினார்கள். நினோனும் கஸ்பாரும் அடுத்ததில்.

ஏறுவதற்கு முன்பே நினோன் ஒன்றைக் கவனித்திருந்தாள். காலணிக்கு அடியில் ஒட்டிய பனியைத் தட்டாமலே கஸ்பார் அதைச் சறுக்குப் பலகையில் பூட்டப் பார்த்தான். மூன்று தடவை பார்த்தான். வெண்கலக்காரன் யாரும் அப்படிச் செய்யமாட்டான்.

நாற்காலி உயர்ந்தது. கீழே மரங்கள் சிறுத்தன. கஸ்பார் முன்கம்பியை இரண்டு கைகளாலும் பிடித்திருந்தான். அவன் உதடு வெளுத்திருந்தது.

"டேய், குளிருதா?"

"இல்ல."

"உடம்பு சரியில்லையா?"

"இல்ல." பிறகு அவன் சொன்னான். "நினோன், இது என் ஜாக்கெட் இல்ல. ரெமி அண்ணனோடது. அவனுக்குச் சின்னதாயிடுச்சு."

நினோன் மெதுவாக அந்த நட்சத்திரத்தைப் பார்த்தாள். "அப்போ இது?"

"அதோடவே வந்தது."

"உன்னோடது எது?"

"பனிப்பூ."

"ஏன்டா சொல்லல?"

"சொல்லலாம்னு நேத்து ராத்திரி வாயத் தொறந்தேன். சித்தப்பா அதுல உருகின சீஸ வெச்சுட்டாரு. அப்புறம் எல்லாரும் எனக்கு வாழ்த்து சொல்லி கிளாஸத் தூக்கினீங்க. அதுக்கப்புறம் எப்படிச் சொல்றது?" "சித்தப்பாகிட்ட சொல்லிடாத. சத்தியம் பண்ணு."

"கஸ்பார், இது கறுப்புச் சரிவு..."

"சத்தியம் பண்ணு!"

இறங்கும் இடம் வந்துவிட்டது. யோசிக்க நேரமில்லை. "சரி, சத்தியம்" என்று சொல்லிவிட்டுக் குதித்தாள் நினோன். கஸ்பார் குதிக்கவில்லை, விழுந்தான்.

அப்பா அதைப் பார்க்கவில்லை. அவர் உச்சியில் நின்று இரு கைகளையும் விரித்திருந்தார். "பாருங்க! ஒரு ஈ காக்கா கிடையாது!"

ஈ காக்கா வராததற்குக் காரணம் இருந்தது. மேற்கிலிருந்து மூடுபனி புகைபோல ஏறி வந்துகொண்டிருந்தது. காற்றில் நாற்காலிகள் ஒன்றோடொன்று பேசுவதுபோலக் கிரீச்சிட்டன.

நினோன் வேகமாக யோசித்தாள். சத்தியத்தையும் காப்பாற்றவேண்டும், கஸ்பாரையும் காப்பாற்றவேண்டும்.

"அப்பா, எனக்குப் பயமா இருக்கு. நான் லிஃப்ட்லயே கீழ போறேன். கஸ்பார் துணைக்கு வரட்டும்."

"நீயா? உனக்கா பயம்?" அப்பாவின் விரித்த கைகள் கீழே இறங்கின.

அப்போது லிஃப்ட் நின்றது. கண்ணாடி அறையிலிருந்து ஒரு பெண் தலையை நீட்டினாள். "காத்து ஜாஸ்தியாயிடுச்சு. இனிமே ஓடாது. எப்போ ஓடும்னு என்னைக் கேக்காதீங்க, மலையக் கேளுங்க."

அப்பா நினோனின் அருகில் வந்து குனிந்தார். அவர் கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால்கூடத் தேவலை. "பரவால்ல கண்ணு. நீ என் பின்னாடியே ஒட்டிக்கிட்டு வா. கஸ்பார், நீ முன்னாடி போ. வெண்கலம் வாங்கின பையன், உனக்கென்ன! சித்தி உன் பின்னாடி வருவா."

நினோனின் பொய், நிலைமையை இன்னும் மோசமாக்கிவிட்டது.

கஸ்பார் விளிம்பை நோக்கி நகர்ந்தான். அவன் பலகைகளின் முனை பாறை விளிம்பைத் தாண்டி வெறும் காற்றில் நீட்டிக்கொண்டிருந்தது. கீழே பல்பிடுங்கி. பனியாகக்கூட இல்லை, கண்ணாடிபோல உறைந்து பளபளத்தது.

"கஸ்பார்!" நினோன் சறுக்கிப் போய்த் தன் பலகைகளை அவனுடைய பலகைகளுக்குக் குறுக்கே வைத்து நின்றாள். காதருகே சொன்னாள். "சத்தியம் ஒடஞ்சா நாம ரெண்டு பேரும் பேசி ஒட்ட வெச்சுக்கலாம். பல்லு போனா போனதுதான். நீ சொல்றியா, நான் சொல்லட்டுமா?"

அவன் அசையவில்லை. அவள் அவன் கையுறையைப் பிடித்துக்கொண்டாள்.

"சித்தப்பா" என்றான் கஸ்பார். "சித்தப்பா, இது ரெமியோட ஜாக்கெட்."

"நல்லாத்தானே இருக்கு" என்றார் அப்பா. பிறகுதான் அவருக்குப் புரிந்தது. "அந்த நட்சத்திரம்?"

"அதுவும் ரெமியோடது. எனக்குப் பனிப்பூதான். நீலச் சரிவுலகூடத் தனியா இறங்கினதில்ல."

அப்பா வாயைத் திறந்தார். அம்மா அவரைப் பார்த்தாள். அப்பா வாயை மூடிக்கொண்டார்.

"அப்போ நினோன், உனக்குப் பயம்னது..." என்று தொடங்கி, அவர் அதையும் முடிக்கவில்லை. கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "தப்பு என்மேலதான்டா. நேத்து நான் உன்னக் கேக்கவே இல்ல. உன் ஜாக்கெட்டத்தான் கேட்டேன்."

பிறகு அவர் லிஃப்ட் அறையில் இருந்த பெண்ணிடம் போய், பனியில் ஆட்களை இழுத்துச் செல்லும் மீட்பு ஸ்லெட்ஜைக் கூப்பிட முடியுமா என்று கேட்டார்.

அவள் ரேடியோவில் பேசினாள். "எல்லா ஸ்லெட்ஜும் முன்பக்கம் இருக்கு. விடுமுறை வாரமாச்சே. அதுக்கும் வரிசை. சாயங்காலம் ஆகலாம். இந்த அறைக்குள்ள உக்காந்திருங்க. இடம் ஒருத்தருக்குத்தான், மாத்தி மாத்தி உக்காருங்க."

மூடுபனி உச்சியைத் தொட்டுவிட்டது. கஸ்பாரின் பற்கள் தந்தியடித்தன.

நினோன் சரிவையே பார்த்துக்கொண்டிருந்தாள். "அப்பா, அவன் சறுக்கவே வேணாம். நண்டு மாதிரி வந்தா போதும்."

"நண்டா?"

"பலகைய மலைக்குக் குறுக்க வெச்சு, பக்கவாட்டில வழுக்கிட்டே இறங்கறது. பனிப்பூவுலயே சொல்லித் தருவாங்க. டேய், தெரியும்தானே?"

"கொஞ்சம் தெரியும். ஆனா அது கோழிக்கூண்டு உசரத்துல ஒரு மேடு."

"முதல்ல இங்கயே செஞ்சு காட்டு. வரலன்னா அறையில உக்காந்துடலாம். சரியாப்பா?"

அப்பா தலையாட்டினார். உச்சியின் ஓரத்தில் சிறிய மேடு ஒன்று இருந்தது. கஸ்பார் அதில் முயன்றான். விழுந்தான். மறுபடி முயன்றான். நான்காவது முறை பலகைகள் 'சர்ர்ர்' என்று பனியைச் சுரண்டிக்கொண்டு நேராக இறங்கி நின்றன.

அப்பா கீழே நின்றார், சுவர்போல. அம்மா மேலே. நினோன் கஸ்பாரின் பக்கத்தில். இறங்கத் தொடங்கினார்கள்.

"கீழ பாக்காத" என்றாள் நினோன்.

"பாத்தாலும் ஒண்ணும் தெரியல. எல்லாம் வெள்ளையா இருக்கு."

"அதுவும் நல்லதுதான். அதோ அந்த ஆரஞ்சுத் தலைக் கம்பம் தெரியுதா? அது வரைக்கும்தான் போறோம்."

சரிவின் வலது ஓரத்தில் ஆரஞ்சு நுனி வைத்த கம்பங்கள் வரிசையாக நின்றன. மூடுபனியில் ஒரு நேரத்தில் ஒன்றுதான் தெரிந்தது. சர்ர்ர். நின்றார்கள். சர்ர்ர். மறுபடி நின்றார்கள்.

"இப்போ?"

"அடுத்த கம்பம்."

"அதுக்கப்புறம்?"

"அதுக்கப்புறம் ஒரு கம்பமும் இல்லன்னு நினைச்சுக்கோ."

பாதி வழியில் பல்பிடுங்கி தன் பெயருக்கு ஏற்ப நடந்துகொண்டது. பனி முடிந்து வெறும் ஐஸ் தொடங்கும் இடம் அது. கஸ்பாரின் பலகைகள் பிடிப்பை இழந்தன. 'ஆ' என்று ஒரு சத்தம். அவன் நினோனின் பக்கத்தில் இல்லை.

"உக்காரு! மலைப்பக்கமா உக்காரு கஸ்பார்!" என்று அவள் கத்தினாள்.

வெள்ளைக்குள் ஏதோ உருளும் சத்தம். ஒரு மோதல், 'அம்மாடி' என்று ஒரு முனகல். பிறகு ஒன்றுமே கேட்கவில்லை.

"கஸ்பார்?" அம்மாவின் குரல் கிழிந்தது.

"இருக்கான்!" அப்பாவின் குரல் கீழேயிருந்து வந்தது. "என் மேலதான் உக்காந்திருக்கான். நல்ல கனம்."

நினோன் அவர்களிடம் வந்து சேர்ந்தபோது கஸ்பார் பனியில் குந்தியிருந்தான். ஒரு கையில் சறுக்குக் கோல் இல்லை. கண்ணீர் கன்னத்தில் வழிந்துகொண்டிருந்தது. "நான் வரமாட்டேன். என்னை விட்டுட்டுப் போங்க. இங்கயே இருக்கேன்."

அப்பா ஏதோ உற்சாகமாகச் சொல்லத் தொடங்கினார். நினோன் கையைக் காட்டி நிறுத்தினாள். அவளும் பனியில் உட்கார்ந்தாள், கஸ்பாரின் தோளோடு தோள் ஒட்டி. பையிலிருந்த சாக்லேட்டை இரண்டாக உடைத்தாள்.

இருவரும் மென்றார்கள். அழுதுகொண்டே சாக்லேட் தின்பது கஷ்டம். ஏதாவது ஒன்றைத்தான் ஒழுங்காகச் செய்யமுடியும். கஸ்பார் சாக்லேட்டைத் தேர்ந்தெடுத்தான்.

"நான் உக்காந்தேன், பாத்தியா?" என்றான் கொஞ்ச நேரம் கழித்து. "நீ கத்தினதும் உக்காந்துட்டேன்."

"பாக்கல. மூடுபனி. ஆனா கேட்டுச்சு. அப்பா 'அம்மாடி'ன்னு சொன்னது."

கஸ்பார் மூக்கை உறிஞ்சினான். சிரித்த மாதிரியும் இருந்தது. "அடுத்த கம்பம் எங்க?"

ஐஸ் இருந்த இடத்தை அவன் உட்கார்ந்தபடியே தாண்டினான். பிறகு எழுந்து, நண்டானான். அம்மா தன் கோல் ஒன்றைக் கொடுத்தாள். கம்பங்கள் வந்தன, போயின. திடீரென்று சர்ர்ர் சத்தம் நின்றது. பலகைகள் நகரவே இல்லை.

"ஏன் நகர மாட்டேங்குது?" என்றான் பயத்தோடு.

"ஏன்னா தரை சமமா இருக்கு" என்றாள் நினோன். "கீழ வந்துட்டோம்டா."

அப்பா அவனை ஹெல்மெட்டோடு சேர்த்துக் கட்டிக்கொண்டார். திட்டத்தைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை.

பின்பக்கத்துச் சின்ன ஊரில் பேருந்து நிறுத்தம் இருந்தது. காற்றில் லிஃப்டுகள் எல்லாம் நின்றுவிட்டதால், அக்கம்பக்கத்துச் சரிவுகளில் இருந்த பாதி பாரிஸ் அங்கேதான் நின்றது. நால்வரும் போய்ச் சேர்ந்துகொண்டார்கள்.

முன்னால் நின்ற ஒரு சின்னப் பெண் திரும்பினாள். கஸ்பாரின் முதுகிலிருந்து முழங்கால்வரை ஒட்டியிருந்த பனியைப் பார்த்தாள். பிறகு மூடுபனி விலகத் தொடங்கிய அந்தக் கறுப்புச் சரிவை அண்ணாந்து பார்த்தாள்.

"அண்ணா, அதுலேர்ந்தா வந்தீங்க?"

"ஆமா" என்றான் கஸ்பார்.

"சறுக்கிக்கிட்டா?"

கஸ்பார் ஒரு கணம் யோசித்தான். நினோன் பேருந்து வரும் திசையைப் பார்த்தாள்.

"இல்ல. பாதி நண்டு மாதிரி. பாதி உக்காந்துக்கிட்டு. நடுவுல கொஞ்சம் அழுதேன்."

"அழுதா விட்டுட்டுப் போயிடுவாங்களா?"

"போக மாட்டாங்க. பக்கத்துல உக்காந்து சாக்லேட் குடுப்பாங்க."

சின்னப் பெண் இதை மனதில் நன்றாக எடைபோட்டாள். "எனக்கும் அப்படி ஒரு ஆள் வேணும்."

"வேணும்னா வேற யாரையாவது பாத்துக்கோ" என்று சொல்லி, கஸ்பார் நினோனின் பக்கம் ஓர் அடி நெருங்கி நின்றுகொண்டான்.