சபாஷா... பேரா?

சுடர் மறுபடியும் அணைந்தது. ஆஃபரினுக்கு அழுகை வரவில்லை, கோபம்தான் பொத்துக்கொண்டு வந்தது.

"பாழாப்போன கணப்பே! ஒரு நாள்... ஒரே ஒரு நாள் ஒழுங்கா எரிஞ்சா உனக்கு என்ன கொறஞ்சா போயிடும்?"

வெளியே ஹமதான் நகரமே வெள்ளையாகிக் கிடந்தது. அல்வந்த் மலை இருக்கும் திசைகூடத் தெரியவில்லை. கம்பளி நூல் கடைக்குள் உட்கார்ந்துகொண்டு குளிரில் நடுங்குகிறவள் உலகத்திலேயே தான் ஒருத்தியாகத்தான் இருக்க முடியும் என்று நினைத்தாள். தலைத்துணியை இறுக்கிக்கொண்டு தரையில் மண்டியிட்டாள்.

அப்பா காலத்துக் கேஸ் கணப்பு அது. அதன் அடியில் ஒரு குட்டிச் சுடர் எப்போதும் எரிய வேண்டும். ஊரில் அதற்குப் பெயரே குட்டி மெழுகுவத்தி. அது நின்றால்தான் பெரிய நெருப்பு. அதை நிற்க வைப்பதுதான் பெரும்பாடு. குமிழை அமுக்கி, தீக்குச்சியைக் காட்டி, பற்றியதும் கையை எடுத்துவிடக் கூடாது. பக்கத்தில் இருக்கும் செம்புக் கம்பியின் முனை சூடேறும்வரை அமுக்கியே பிடிக்க வேண்டும். கம்பி சூடேறினால் கேஸ் தானாக வந்துகொண்டிருக்கும். ஏறாவிட்டால்... டக்! எல்லாம் போச்சு.

அல்ஹம்து சூராவை நிதானமாக ஒரு தடவை ஓதி முடிக்கிற நேரம் என்பது அம்மாவின் கணக்கு. ஆஃபரின் ஓதினாள். முடித்தாள். மூச்சைப் பிடித்துக்கொண்டு, தூங்கும் குழந்தையிடமிருந்து கையை உருவுவது போல மெல்ல எடுத்தாள்...

சுடர் நின்றது!

"ஆஃபரின்!"

முதுகுக்குப் பின்னால் ஓர் ஆண் குரல். அவள் திடுக்கிட்டுத் திரும்பினாள்.

வாசலில் ஒருவன் நின்றான். தோளெல்லாம் பனி, புருவத்தில்கூடப் பனி. அந்தப் புருவத்துக்குக் கீழே... பேரீச்சம்பழ நிறத்தில் இரண்டு கண்கள். சிரித்துக்கொண்டிருந்தன.

"யாருங்க நீங்க? என்னைப் பேர் சொல்லிக் கூப்பிட யாரு உங்களுக்கு உரிமை குடுத்தது?"

"பேரா? நான் எங்கங்க பேர் சொன்னேன்?"

"இப்பதானே சொன்னீங்க, ஆஃபரின்னு! அதுவும் மொட்டையா... மரியாதைக்கு ஒரு 'கானும்' கூடப் போடாம!"

அவன் முழித்தான். பிறகு அவனுக்கு விஷயம் விளங்கியது. சிரிப்பை அடக்கப் பார்த்தான். கண்கள் காட்டிக் கொடுத்துவிட்டன.

"கானும்... நான் சபாஷ்னு சொன்னேன். கணப்பைப் பத்த வச்சீங்களே, அதுக்கு."

உண்மைதான். அந்த ஊர்ப் பேச்சில் ஆஃபரின் என்றால் சபாஷ். பள்ளிக்கூடத்தில் வாத்தியார் எந்தப் பிள்ளையைப் பாராட்டினாலும் திரும்பிப் பார்த்துப் பார்த்தே அவள் கழுத்து நீண்டுபோனது. ஆனாலும் இவ்வளவு சீக்கிரம் விட்டுக் கொடுத்துவிட முடியுமா?

"நடிக்காதீங்க. வெளிய போர்டுல 'ஆஃபரின் கம்பளிக் கடை'ன்னு கொட்டை எழுத்துல இருக்கு."

"எந்த போர்டு? வந்து நீங்களே பாருங்க."

எட்டிப் பார்த்தாள். போர்டு முழுக்கப் பனி. ஓர் எழுத்துகூடத் தெரியவில்லை. அவளுக்குக் காது நுனி சுட்டது.

"சரி... என்ன வேணும்?"

அவன் கடையைச் சுற்றிப் பார்த்தான். குளிருக்கு ஒதுங்கியவன், வந்த பிறகுதான் ஏதாவது வாங்க வேண்டுமே என்று யோசிக்கிறான் என்பது முகத்திலேயே எழுதியிருந்தது.

"கம்பளி நூல்... அம்மாவுக்கு. பச்சையில ஒரு கண்டு."

"அம்மா எந்த ஊரு?"

"அஹ்வாஸ்."

அஹ்வாஸா? நெருப்பை அள்ளிக் கொட்டுகிற ஊரில் கம்பளியா? வாய்வரை வந்த கேள்வியை விழுங்கிவிட்டு நூலைக் காகிதத்தில் சுற்றினாள். அவன் பெயர் கெய்வான். சாலை போடும் இலாகாவில் அளவெடுக்கிற வேலை. மாற்றலாகி வந்து ஒரு மாதம்கூட ஆகவில்லை. கேட்காமலே எல்லாம் சொன்னான்.

"என் ரூம்லயும் இதே மாதிரி ஒரு கணப்பு இருக்கு. கையை எடுத்த அடுத்த நிமிஷம் அணைஞ்சிடுது."

"அல்ஹம்து ஓதி முடிக்கிற வரைக்கும் பிடிக்கணும்."

"நான் முதல் வரி பிஸ்மில்லாவோட விட்டுடறேனே!"

"அதான். அவசரக்காரங்களுக்குச் சுடர் நிக்காது."

அவன் போன பிறகுதான் கவனித்தாள். தான் இன்னும் சிரித்துக்கொண்டிருப்பதை.

அதன் பிறகு ஒவ்வொரு வியாழனும் வந்தான். ஒரு தடவைக்கு ஒரே ஒரு கண்டு. ஊதா, மஞ்சள், கைக்குழந்தைக்குப் பின்னுகிற வெளிர் ரோஜா...

"உங்கம்மா என்னதான் பின்றாங்க? வானவில்லா?"

"அவங்க கொஞ்சம் மெதுவா பின்னுவாங்க."

"அப்ப எதுக்கு வாராவாரம் நூலு?"

"நான் கொஞ்சம் வேகமா வாங்குவேன்."

தேநீர் கொடுப்பாள். கற்கண்டை வாயில் அதக்கிக்கொண்டு, ஆறிப்போகும்வரை குடிப்பான். பெயர் சொல்லி மட்டும் கூப்பிடவே மாட்டான். 'கானும்', 'கானும்' என்று அப்படி ஒரு மரியாதை. முதல் நாள் வாங்கிய திட்டு அவனுக்கு நன்றாக உறைத்திருந்தது. அவளுக்கோ அந்த மரியாதை கொஞ்சம் கொஞ்சமாகக் கசக்க ஆரம்பித்திருந்தது.

ஆனால் கணப்பு திருந்தவில்லை. காலையில் பற்றும்; நாலு பேர் கதவைத் திறந்து மூடினால் மதியத்துக்குள் அணைந்துவிடும். செம்புக் கம்பியைப் புதிதாக மாற்றினாள். சுடர் வரும் துளையை மெல்லிய ஊசியால் சுத்தம் செய்தாள். பலனில்லை. வாடிக்கைக்காரிகள் நின்று நிறம் பார்க்காமல் கையைத் தேய்த்துக்கொண்டே ஓடினார்கள்.

இதையெல்லாம் பார்த்துக்கொண்டிருந்தான் அவள் அண்ணன் ஹுஜ்ஜத். ஹுஜ்ஜத் என்றால் ஆதாரம் என்று பொருள். பேருக்கேற்ற மாதிரி எதற்கெடுத்தாலும் ஆதாரம் கேட்கிறவன். அப்பா போன நாளிலிருந்தே, கடையை ஒரு சாண்ட்விச் கடைக்காரனுக்கு வாடகைக்கு விட வேண்டும் என்று துடித்துக்கொண்டிருந்தான்.

"ஒரு கணப்பை எரிய வைக்கத் துப்பில்ல, நீ கடை நடத்தறியாக்கும்! பனிக்காலம் முடியறதுக்குள்ள இது ஒழுங்கா எரியணும். இல்லேன்னா சாவியைக் குடுத்துட்டு வீட்ல உக்காரு."

அப்பா தன் மகள் பெயரை வைத்த கடை. அதைக் கொடுத்துவிட்டு வீட்டில் உட்காருவதா? அதைவிட இந்தக் குளிரிலேயே விறைத்துப் போகலாம் என்று இருந்தது அவளுக்கு.

அந்த வியாழக்கிழமை வெயில் அடித்தது. கூரையிலிருந்து பனி உருகிச் சொட்டியது. ஆஃபரின் கணப்பின் முன்தகட்டைக் கழற்றி வைத்துவிட்டு, கன்னத்தில் கை வைத்துச் சுடரையே பார்த்துக்கொண்டிருந்தாள். கெய்வான் வந்து, மரியாதையான தூரத்தில் குத்துக்காலிட்டு உட்கார்ந்தான்.

"கானும்... ஒண்ணு சொல்லட்டா? என் ரூம் சுடர் நீலமா, நிமிந்து நிக்குது. உங்களுது மஞ்சளா, தூங்கி வழியுதே."

"மஞ்சளா எரிஞ்சா காத்து பத்தலைன்னு அர்த்தம். ஆனா இந்தக் கடையில காத்துக்கா பஞ்சம்?"

சொல்லிக்கொண்டே அவன் பக்கம் திரும்பினாள். அவன் கறுப்புக் கோட்டின் கையில்... ரோஜா நிறத்தில் ஒரு நூல் பஞ்சு. தோளில் ஒன்று. மீசையில்கூட ஒன்று. வெயில் விழுந்த இடத்திலெல்லாம் கடை முழுக்கக் கம்பளிப் பஞ்சு மிதந்துகொண்டிருந்தது.

"அட மக்கு ஆஃபரினே!" என்று தன் தலையில் தானே தட்டிக்கொண்டாள்.

சுவரிலிருந்த மஞ்சள் கேஸ் குழாயை மூடினாள். கதவை விரியத் திறந்தாள். இரும்பு ஆறும்வரை இருவரும் பொறுமையில்லாமல் காத்திருந்தார்கள். பிறகு, குரோஷா பின்னுகிற கொக்கியை எடுத்து, சுடருக்குக் காற்று இழுக்கும் ஓட்டைக்குள் விட்டு மெல்ல இழுத்தாள்.

வந்தது... ஒரு பஞ்சு உருண்டை. பச்சை, ஊதா, வெள்ளை, ரோஜா, எல்லாம் திரண்டு, அமுங்கி.

"கடையில இருக்கிற அத்தனை நிறமும் இதுக்குள்ளதான் குடியிருந்திருக்கு!" என்றான் கெய்வான். இருவரும் சிரித்த சிரிப்பில் கண்ணில் நீர் வந்துவிட்டது.

கதவைச் சாத்தி, குழாயைத் திறந்து, குமிழை அமுக்கினாள். அல்ஹம்து ஓதினாள். கையை எடுத்தாள். சுடர் நீலமாக, கூராக நின்றது. அசையவே இல்லை. அவள் முகத்தில் அந்த நீலம் பட்டது. கெய்வான் சுடரைப் பார்க்கவில்லை.

"ஆஃபரின்..." என்றான், மிக மெதுவாக.

கதவு எப்போது திறந்ததென்று தெரியவில்லை. ஹுஜ்ஜத் நின்றிருந்தான்.

"என்னடா சொன்னே? என் தங்கச்சியை என்னன்னு கூப்பிட்டே?"

"காகா... நான் சபாஷ்னுதான்..."

அஹ்வாஸ்காரர்கள் யாரைப் பார்த்தாலும் 'அண்ணே' என்பதற்குக் காகா என்பார்கள். நேரம் காலம் தெரியாமல் வந்த அந்தக் காகா, எரிகிற கொள்ளியில் எண்ணெய் ஊற்றியது.

"யாருக்குடா காகா? எந்த முறையில நான் உனக்குக் காகா?"

"கோவப்படாதீங்க. கணப்பு எரிஞ்சுதுன்னு சபாஷ் சொன்னேன். இந்தக் கானும் பேர்கூட எனக்குத் தெரியாது."

"தெரியாதா? வெளிய கையகலத்துக்கு எழுதியிருக்கே, கண்ணு அவிஞ்சா போச்சு?" அண்ணன் தங்கையிடம் திரும்பினான். "நீ சொல்லு. பேர்னா இப்பவே கடையைப் பூட்டறேன். என் தலை மேல சத்தியமா சொல்லு. சபாஷா, பேரா?"

ஆஃபரின் ஜன்னல் வழியாகப் பார்த்தாள். போர்டிலிருந்து பனி சுத்தமாக உருகிவிட்டிருந்தது.

"உன் தலை மேல சத்தியமா... சபாஷ்தான்."

ஹுஜ்ஜத் கணப்பையும் பார்த்தான். நீலமாக எரிந்தது. ஆதாரம் கண்ணெதிரே இருந்தது, முனகிக்கொண்டே போய்விட்டான். கெய்வான் அதற்கும் முன்பே தலையைக் குனிந்துகொண்டு வெளியேறியிருந்தான்.

கடை தப்பித்தது. அடுத்த வியாழன் அவன் வரவில்லை. அதற்கடுத்த வியாழனும் வரவில்லை. சாலை இலாகா வேன் மாலையில் கடை வழியாகத்தான் போகும். ஜன்னலோரம் அவன் உட்கார்ந்திருப்பான், வேண்டுமென்றே எதிர்ப்பக்கம் பார்த்துக்கொண்டு.

பேரே தெரியாதாமே... போகட்டும். தெரியாதவன் எதற்கு வரவேண்டும்? இப்படி வீம்பாகத்தான் இருந்தாள். கணப்பு மட்டும் காலை முதல் மாலைவரை பிசகாமல் எரிந்தது. கடை கதகதவென்று இருந்தது. அந்தக் கதகதப்பைத்தான் அவளால் தாங்க முடியவில்லை. அவன் உட்கார்ந்திருந்த இடத்தின் பக்கம் திரும்பாமலே நடமாடினாள். அவன் வேண்டும். அவ்வளவுதான்... அதை ஒளித்து என்ன லாபம்?

ஒரு மாலை, வேன் வருகிற நேரத்துக்குச் சற்று முன், அவள் எழுந்து போய் ஒரு காரியம் செய்தாள். பிறகு கணப்பின் முன்தகட்டைக் கழற்றி, தெருவுக்குத் தெரிகிற மாதிரி ஜன்னலில் சாத்தி வைத்தாள். சால்வையைப் போர்த்திக்கொண்டு குளிரில் உட்கார்ந்தாள்.

வேன் கடையைத் தாண்டிப் போனது... நின்றது.

கதவு மணி கிணுகிணுத்தது.

"மறுபடியும் அணைஞ்சிடுச்சா?"

"அணைஞ்சிடுச்சு."

அவன் வேறெதுவும் கேட்காமல் மண்டியிட்டான். குமிழை அமுக்கித் தீக்குச்சியைக் காட்டினான். ம்ஹூம். இன்னொரு குச்சி. 'உஸ்' என்ற சத்தம்கூட வரவில்லை. நெற்றியைச் சுருக்கிக்கொண்டு குழாயின் வழியே சுவர்வரை பார்த்தான். அந்தப் பேரீச்சம்பழக் கண்கள் அப்படியே நின்றுவிட்டன. மஞ்சள் கைப்பிடி குறுக்கே கிடந்தது.

"கானும்... குழாய் மூடியிருக்கு."

"அப்படியா?"

"யாரு மூடினாங்க?"

அவள் சால்வை நுனியை விரலில் சுற்றினாள். அவிழ்த்தாள். மறுபடி சுற்றினாள்.

"நான்தான்."

வெளியே பனி விழ ஆரம்பித்திருந்தது. அவன் எழுந்து போய்க் குழாயைத் திறந்துவிட்டு வந்து, பழைய தூரத்தில் உட்கார்ந்தான். அவள் குமிழை அமுக்கினாள். அவன் குச்சியைக் காட்டினான். நீலச் சுடர் பிடித்தது.

"கையை எடுத்துடாதீங்க" என்றான்.

"எடுக்க மாட்டேன். அதுக்குள்ள நான் ஒண்ணு கேக்கணும். அன்னிக்குச் சொன்னது... சபாஷா, பேரா?"

"முதல் தடவை சபாஷ்தான். போர்டுல பனி இருந்துச்சு."

"ரெண்டாவது தடவை?"

"ரெண்டாவது தடவை... பனி இல்ல."

அவள் சட்டென்று அவன் பக்கம் திரும்பினாள். கை மட்டும் குமிழை விடவில்லை.

"அண்ணன்கிட்ட பேரே தெரியாதுன்னீங்களே? எனக்கு எப்படி வலிச்சுது தெரியுமா?"

"உண்மையைச் சொல்லியிருந்தா உங்க கடை போயிருக்கும். அதுக்கப்புறம் நீங்களும் சபாஷ்னே சத்தியம் பண்ணிட்டீங்க... உங்களுக்கு அது அவ்வளவுதான்னு நினைச்சு, வந்து நிக்க எனக்கு முகம் இல்ல."

"பேர்னு தெரிஞ்சேதான் சத்தியம் பண்ணினேன். அதுவும் அண்ணன் தலை மேல! பாவம், அன்னிலேர்ந்து அவனுக்கு ஓயாத தலைவலி."

கெய்வான் வாய்விட்டுச் சிரித்தான். பிறகு சிரிப்பு அடங்கி, நிமிர்ந்து உட்கார்ந்தான்.

"எனக்கு உங்களைப் பிடிச்சிருக்கு. முதல் நாள் திட்டினீங்களே, அப்பவே. அம்மாகிட்ட சொல்லிட்டேன். நீங்க சரின்னா, பூவும் பலகாரமுமா உங்க அண்ணன் வாசல்ல வந்து நிப்பாங்க."

"வரட்டும். அவ்வளவு நூலையும் என்னதான் பின்னினாங்கன்னு கேக்கணும்."

"அவங்களுக்குப் பின்னவே தெரியாது. எல்லாக் கண்டும் என் கட்டிலுக்கு அடியிலதான் கிடக்கு."

"எனக்குத் தெரியும்."

"எப்பத்திலேர்ந்து?"

"அஹ்வாஸ்னு சொன்னீங்களே, அப்பத்திலேர்ந்து. அத்தனையும் திருப்பிக் கொண்டாங்க. முதல்ல அண்ணன் தலைக்கு ஒரு குல்லா பின்னணும்."

அல்ஹம்து எப்போதோ ஓதி முடிக்கிற நேரம் ஆகிவிட்டது. அவள் மெல்லக் கையை எடுத்தாள். சுடர் நின்றது.

"ஆஃபரின்" என்றான் அவன். கானும் இல்லை. ஒன்றுமே இல்லை. வெறும் பெயர்.

அவள் திரும்பி, அந்தக் கண்களை நேராகப் பார்த்தாள்.

"சொல்லு, கெய்வான்."