இருபத்தொரு தடக்

மூன்று மணி பத்து நிமிடத்துக்கு முதல் சொட்டு விழுந்தது. பெரியம்மா வீட்டு வாசலில் நின்ற மோட்டார் சைக்கிளின் பெட்ரோல் டேங்க் மேல், ஒரே ஒரு சொட்டு.

அப்பா வானத்தைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். நான் பையை முதுகில் மாட்டிக்கொண்டேன். மூன்று நாள் விடுமுறை முடிந்துவிட்டது. அப்போது எனக்கு ஒன்பது வயது.

தங்கிவிட்டுக் காலையில் போகலாமே என்றார் பெரியம்மா. முடியாது. அம்மாவிடம் ஆறு மணி என்று சொல்லியிருந்தோம்.

அம்மா பேருந்து நிலையத்தில் நேரக் காப்பாளர். எந்தப் பேருந்து எப்போது வந்தது, எத்தனை நிமிடம் தாமதம், என்ன காரணம் என்று நாள் முழுக்க நோட்டில் எழுதுவது அவர் வேலை. வீட்டுக்கு வந்தாலும் அந்த வேலை விடாது.

மோட்டார் சைக்கிள் என்றாலே அம்மாவுக்கு ஆகாது. கல்யாணமானதிலிருந்து ஒருமுறைகூட அதில் ஏறியதில்லை. போன வருடம் நானும் அப்பாவும் ஒன்றரை மணி நேரம் தாமதமாக, சொட்டச் சொட்ட நனைந்து வீடு வந்தோம். அதனால் இந்த முறை கிளம்பும்போதே அம்மா சொல்லிவிட்டார்.

"நேரம் தப்பினாலும் சரி, குழந்தை நனைஞ்சாலும் சரி. அடுத்த தடவை பஸ்தான்."

பேருந்தில் ஏறினால் எனக்கு வாந்தி வரும். மூன்றாவது நிறுத்தத்தில் ஆரம்பிக்கும். ஊர் போய்ச் சேரும் வரை நிற்காது. ஜன்னலோர இடம் மட்டும் யாரும் கேட்காமலே தந்துவிடுவார்கள்.

நனைவதைப் பற்றி எனக்குக் கவலை இல்லை. எங்களிடம் கோட்டு இருந்தது.

அப்பா லாரிகளுக்குத் தார்ப்பாய் தைப்பவர். மிஞ்சிய துண்டுகளைச் சேர்த்து ஒரு மழைக்கோட்டு தைத்திருந்தார். முன்பக்கம் கோட்டு. பின்பக்கம் கூடாரம். அதற்குள்தான் நான் உட்கார வேண்டும். தலைக்கவசத்தோடு நான் உள்ளே நுழைந்துவிட்டால், அப்பாவுக்குக் கூன் விழுந்தது போலிருக்கும். ஒட்டகம் கிளம்பிவிட்டது என்று பெரியம்மா மகன் தெரு முழுக்கச் சொன்னான்.

அந்தக் கோட்டில் ஒரே ஒரு குறை. எனக்கு ஜன்னல் வைக்க அப்பா மறந்துவிட்டார்.

உள்ளே இருட்டு. அப்பாவின் சட்டை முதுகு. மெழுகு வாசனை. தலைக்கு மேலே, கடுகு பொரிவது போல மழை. அதைவிடப் பத்திரமான ஓர் அறையில் நான் இன்று வரை இருந்ததில்லை.

பேசினால் கேட்காது. அதனால் தட்டுவோம். முதுகில் ஒரு தட்டு என்றால் மெதுவாகப் போ. இரண்டு என்றால் நிறுத்து. மூன்று என்றால் பசிக்கிறது. பெரியம்மா வீட்டுக்குப் போகும்போது மூன்று தட்டைக் கொஞ்சம் அதிகமாகவே தட்டிவிட்டேன்.

"திரும்பும்போது சும்மா சும்மா தட்டாத, குட்டி" என்றார் அப்பா. "நின்னு நின்னு போனா ஆறு மணிக்குப் போக முடியாது. வழியைப் பத்திக் கவலைப்படாத. கண்ணை மூடிக்கிட்டே போயிடுவேன்."

கண்ணை மூடிக்கொண்டு போனது நான்தான்.

கோட்டுக்குள் வழி வேறு மாதிரி இருக்கும். போகும்போதும் தூறல் என்பதால், வேறு வேலையில்லாமல் எண்ணிக்கொண்டே போயிருந்தேன். இப்போது அதைத் திருப்பிப் போட வேண்டும். முதலில் ரயில்வே கேட், இரண்டு குலுக்கல். பள்ளிக்கூடத்துக்கு முன்னால் மூன்று வேகத்தடை. அப்புறம் மரம் அறுக்கும் ஆலை. எவ்வளவு மழையிலும் மரத்தூள் வாசனை உள்ளே வந்துவிடும். அங்கிருந்து நூறு எண்ணினால் பாலம். பாலத்தின் மேல் இருபத்தொரு இணைப்புகள். சக்கரம் ஏறி இறங்கும்போது தடக், தடக் என்று இருபத்தொரு முறை கேட்கும்.

கேட் வந்தது. வேகத்தடைகள் வந்தன. மழை வலுத்தது. வண்டி மெதுவாகப் போனது. மரத்தூள் வாசனை வந்ததும் எண்ண ஆரம்பித்தேன்.

ஐம்பதில் வண்டி இடது பக்கம் சாய்ந்தது. பள்ளத்துக்காக ஒதுங்கியிருப்பார் என்று நினைத்தேன்.

நூறு. பாலம் வரவில்லை. மெதுவாகப் போகிறோமே என்று இருநூறு வரை பொறுத்தேன். வரவில்லை. சக்கரத்தின் சத்தம்கூட மாறியிருந்தது. அடியில் சரளைக்கல் நெரிபட்டது.

கையைத் தூக்கினேன். இறக்கினேன்.

நான் எண்ணியது தப்பாக இருந்தால்? நிறுத்தி, கேட்டு, மறுபடி கிளம்பினால் ஐந்து நிமிடம் போய்விடும். ஐந்து நிமிடம் என்றால் அம்மா நோட்டில் தாமதம்தான். தாமதம் என்றால் பேருந்து. மூன்றாவது நிறுத்தம்.

ஆனால் இந்தச் சரளைக்கல் எப்படி வந்தது?

இருநூற்று முப்பதில் இரண்டு முறை தட்டினேன். வண்டி நின்றது.

"பசிக்குதா?" அப்பாவின் குரல் வெளியிலிருந்து வந்தது.

"ரெண்டுதான் தட்டினேன். பாலம் வரலப்பா."

"வரும்."

"ஆலை தாண்டி இருநூத்தி முப்பது ஆச்சு. நடுவுல லெஃப்ட்ல திரும்பினீங்க."

நான் கோட்டின் பக்கவாட்டுப் பொத்தான் இடைவெளி வழியாக எட்டிப் பார்த்தேன். தூரத்தில் ஒரு லாரியின் சிவப்பு விளக்கு சின்னதாகிக்கொண்டே போனது.

அப்பா அப்புறம்தான் விஷயத்தைச் சொன்னார். அந்த லாரியின் தார்ப்பாய் அவர் தைத்தது. நீல நூலை வைத்து அடையாளம் கண்டுபிடித்தாராம். மூலையில் ஒரு கிழிசலுக்கு ஒட்டுப்போட்டது போன மாதம்தான். அது ஒழுகுகிறதா என்று பார்த்துக்கொண்டே வந்திருக்கிறார். லாரி திரும்பியபோது அவரும் திரும்பியிருக்கிறார்.

பூட்டிய கடை ஒன்றின் கூரைக்கடியில் பால் கேன்களோடு ஒரு பெண் ஒதுங்கி நின்றார். அது கல்குவாரிக்குப் போகும் வழி என்றார். "முன்னால ஓடை ஏறிக்கிடக்கு. லாரி போகும். நீங்க போனா படகுதான் வேணும்."

அப்பா வண்டியைத் திருப்பினார். அவர் முதுகு உள்ளே இறங்கிப் போனது மாதிரி எனக்குப் பட்டது.

மூன்று முறை தட்டினேன்.

முதுகு குலுங்கியது. அப்பா சிரித்தார்.

சரளைக்கல் சத்தம் நின்றதும், விட்ட ஐம்பதிலிருந்து மறுபடி எண்ணினேன். நூற்று நாற்பதில் முதல் தடக். ஒவ்வொரு தடக்குக்கும் அப்பாவின் முதுகில் விரலால் ஒரு கோடு போட்டேன். இருபத்தொரு கோடு.

வீட்டு வாசலில் அம்மா நின்றிருந்தார். கையில் துண்டு. கண் உள்ளே சுவர்க்கடிகாரத்தில். மணி ஆறு இருபத்தைந்து.

அப்பாவின் காதில் ரகசியமாகச் சொன்னேன். "மழைன்னு சொல்லுங்கப்பா. அம்மா நோட்டுல மழைக்கு மன்னிப்பு உண்டு."

அப்பா தலையசைத்து மறுத்தார்.

"இருபத்தஞ்சு நிமிஷம்" என்றார் அம்மா. "காரணம்?"

"டிரைவர் வழி மாறிட்டார்" என்றார் அப்பா. "கண்டக்டர்தான் கண்டுபிடிச்சாங்க."

லாரியையும் நீல நூலையும் ஓடையையும் ஒன்றுவிடாமல் சொன்னார். நான் எண்ணியதையும் சொன்னார். நான் பேருந்தின் ஜன்னலோர இடத்தை நினைத்துக்கொண்டு நின்றேன்.

"ஒழுகுச்சா?" என்றார் அம்மா.

"எது?"

"அந்த லாரி தார்ப்பாய்."

"ஒரு சொட்டு இல்ல."

அம்மா என் தலைக்கவசத்தைக் கழற்றி, முடிக்குள் விரல் விட்டுப் பார்த்தார். சட்டையைத் தொட்டார். காலுறையைக்கூடத் தொட்டார். எல்லாம் காய்ந்தே இருந்தன. கையிலிருந்த துண்டுக்கு வேலை இல்லை. அதைத் தன் தோளில் போட்டுக்கொண்டார்.

பிறகு அப்பாவுக்குப் பின்னால் போனார். ஈரக் கோட்டின் வாலைத் தூக்கினார். குனிந்து உள்ளே நுழைந்தார். அப்பாவுக்கு மறுபடி கூன் விழுந்தது. அப்பா அசையாமல் நின்றார். நானும்தான்.

வெகுநேரம் கழித்து உள்ளேயிருந்து அம்மாவின் குரல் வந்தது.

"இங்க இன்னொரு ஆளுக்கு இடம் இருக்குமா?"