பெயர்த்தடம்

நாகப்பட்டினம் கடலுக்குள் போன பிறகு, அந்த ஊர்க்காரர் என்று நிரூபித்தவர்களுக்கு மட்டுமே புதுக்கோட்டை மேட்டில் எழுந்த புதுநாகையில் வீடு கிடைத்தது. ஊரின் பதிவகமும் கணினிகளும் மூழ்கிவிட்டன. டெல்லியில் இருந்த பழைய மக்கள்தொகைக் கணக்கெடுப்புத் தாள்கள் மட்டும் தப்பின. அவை தெருவாரியாக அடுக்கப்பட்டிருந்தன. தெருக்களோ தலைமுறைக்கு ஒரு முறை பெயர் மாறியிருந்தன. முகாமில் கிடந்த மக்களுக்குக் கடைசிப் பெயர்தான் தெரியும்.

அதே முகாமில் இருந்த பொறியாளர் மணிமொழி, பெயர்த்தடம் என்ற பொறியை உருவாக்கியது இதற்காகத்தான். அது பழைய வரைபடங்களை ஒன்றன்மேல் ஒன்றாகப் பொருத்தும். கோயிலையும் குளத்தையும் அடையாளமாக வைத்துக்கொண்டு ஒரு தெருவின் பெயர்களைப் பின்னோக்கித் தொடரும். பிறகு கணக்கெடுப்பில் அந்தத் தெருவின் பக்கத்தை எடுத்து நீட்டும். வரைபடம் இல்லாத இடத்தில், யார் யார் அடுத்தடுத்து வசித்தார்கள் என்பதை வைத்தே தெருவைக் கண்டுபிடித்துவிடும்.

முதலில் வீடு கிடைத்தவர்களில் ஒருத்தி தங்கபுஷ்பம். முகாமிலேயே கணவனைப் பறிகொடுத்தவள். மாமனாரின் பெயரைத் திரையில் பார்த்ததும் மணிமொழியின் இரு கைகளையும் பிடித்துக்கொண்டு அழுதாள். பிறகு மூன்றாம் தெருவில் இருவருக்கும் பக்கத்துப் பக்கத்து வீடு அமைந்தது.

மணிமொழிக்கு ஆரம்பத்திலிருந்தே ஒரு பயம் இருந்தது. பழைய பெயர்களில் பல, தெருவில் வாழ்ந்தவர்களின் சாதியைச் சொல்பவை. அரசு அவற்றைத் தெருப் பலகைகளிலிருந்து எப்போதோ நீக்கிவிட்டது. பொறி அந்தப் பெயர்கள் வழியாகத்தான் போயாக வேண்டும். ஆனால் வெளியே சொல்லக் கூடாது. திரையில் காட்டும் பகுதியை எழுதிய இளஞ்சேரனிடம் இதைச் சொன்னாள். கல்லூரியிலிருந்தே ஒரே டிபன் பாக்ஸில் சாப்பிட்டுப் பழகியவன். அது தன் பொறுப்பு என்றான். அவள் பிறகு சரிபார்க்கவே இல்லை.

இரண்டாம் ஆண்டில் குடியிருப்போர் சங்கத்திலிருந்து அவளுக்கு அறிவிப்பு வந்தது. ஏழாம் தெருவில் ஒரு வீட்டுக்கு மாறிக்கொள்ளும்படி கேட்டிருந்தார்கள். காரணம் எழுதவில்லை. தங்கபுஷ்பம்தான் அப்போது சங்கச் செயலாளர். கேட்கப் போனவளை அவள் வாசலிலேயே நிறுத்திப் பேசினாள்.

"நான் ஒண்ணும் சொல்லலை தாயி. ஒங்க குடும்பம் இருந்த தெரு எதுன்னு இப்ப எல்லாருக்கும் தெரிஞ்சுபோச்சு. ஒன் மிஷினேதான காட்டுது."

மணிமொழி இளஞ்சேரனைத் தேடிப் போனாள். அவன் மறுக்கவில்லை. சங்கங்கள் பழைய பெயர்களோடு முழுத் தடத்தையும் கேட்டதாகவும், அவர்கள் ஆதரவு இல்லாவிட்டால் அரசு திட்டத்தையே மூடியிருக்கும் என்றும், பாதிப் பேர் இன்னும் முகாமில்தான் கிடந்திருப்பார்கள் என்றும் விளக்கினான். நிதானமாகத்தான் பேசினான்.

"நான் பொய்யா எதையும் காட்டலையே மணி. இருந்த பேருதான?"

"இருந்த பேருன்னு தெரிஞ்சுதான மறைக்கச் சொன்னேன். சங்கத்துலேருந்து ஒனக்கு அறிவிப்பு வந்துச்சா?"

அவனுக்கு வரவில்லை. அவனை யாரும் எங்கும் மாறச் சொல்லவில்லை.

அவள் வழக்குப் போடலாமா என்று யோசித்தாள். அதற்குள் மூன்றாம் தெருவில் அவளோடு பேசுவது நின்றுபோனது. தண்ணீர் வராத நாளில் தங்கபுஷ்பம் கதவைத் திறக்கவில்லை. மழைக்கு முன் மணிமொழி ஏழாம் தெருவுக்குப் போனாள். அதே போல அறிவிப்பு வந்து அங்கே அவளுக்கு முன்பே மாறியிருந்தவர்கள் சாமான் இறக்க உதவினார்கள். யாரும் எதுவும் கேட்கவில்லை.

அடுத்த கணக்கெடுப்பு வந்தது. கையில் பலகைக் கணினியோடு வந்த அலுவலர் ஒருவர் பெயர், வயது, தொழில் எல்லாம் கேட்டுப் பதிந்துகொண்டார். தெருவைக் கேட்கவில்லை.

"ஏழாம் தெருன்னு போட்டுக்குங்க சார்" என்றாள் மணிமொழி.

"அதைப் பெயர்த்தடமே நிரப்பிடும்மா. யார் யார் குடியிருக்காங்கன்னு பார்த்து அதுவா போட்டுக்கும்" என்று கணினியை அவள் பக்கம் திருப்பினார்.

பொறி பிழை செய்யவில்லை. நூறு வருடங்களுக்கு முன்பே அரசு தெருப் பலகையிலிருந்து நீக்கிய அந்தச் சாதிப் பெயரை, 'தற்போதைய பெயர்' என்ற கட்டத்தில் எழுதியிருந்தது.