அடுத்த வண்டி

தெப்பக்குளம் நிறுத்தத்தில், ஊர்ப் பேருந்துகளை நடத்தும் நகரோட்டத்தின் ஆணையர் சங்கமித்திரை நின்றுகொண்டிருந்தார். பேருந்து அவரை நெருங்கியது, வேகத்தைக் குறைத்தது, பிறகு நிற்காமலே கடந்துவிட்டது. நிறுத்தத்துப் பலகையில் அவர் பெயருக்கு நேரே ‘அடுத்த வண்டி’ என்ற பச்சை எழுத்து மின்னியது.

வண்டிக்குள் கம்பியைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்த பவளக்கொடி திரும்பிப் பார்த்தாள். ஆணையர் சின்னதாகிக்கொண்டே போனார். முந்தின நாள்தான் இருவரும் ஒரே வண்டியில் எதிரெதிரே பயணம் செய்திருந்தார்கள். வழியெல்லாம் அந்த அம்மாளின் முகத்தைப் பார்த்துக்கொண்டே, கம்பி நெளிந்துவிடும் போல இறுக்கிப் பிடித்திருந்தாள் பவளக்கொடி. அதற்கும் இதற்கும் தொடர்பு இருக்கும் என்று அவளுக்கு உடனே உறைத்தது.

மதுரையில் ஓட்டுநரும் நடத்துநரும் இல்லாத தானோடிகள் வந்து ஓராண்டுக்கு மேலாகியிருந்தது. சங்கமித்திரை பதவியேற்ற அன்றே தன் முன்னுரிமைகளைச் சொல்லிவிட்டார். சீட்டுக் கிழிக்க ஆள் இருக்காது, வண்டி ஓட்ட ஆள் இருக்காது, எல்லாவற்றுக்கும் மேலாகப் பேருந்தில் சச்சரவே இருக்காது. சச்சரவை ஒழிக்க அவர் கொண்டுவந்ததுதான் இணக்கமானி. ஒவ்வோர் இருக்கைக்கு முன்னாலும், நிறுத்தங்களின் பெஞ்சிலும் ஒரு கம்பி. பிடிக்கிற கையின் நாடியையும் வேர்வையையும் அது படிக்கும். யார் பக்கத்தில் யார் நிம்மதியாக இருக்கிறார்கள், யாரைக் கண்டால் யாருக்கு உள்ளே புழுங்குகிறது என்று திரட்டி, வண்டிகளை நடத்தும் ஓட்டமூளைக்கு அனுப்பும். அது ஒத்துப்போகிறவர்களாகப் பார்த்து ஏற்றிக்கொள்ளும். ஒத்துவராத ஆளுக்கும் இடமில்லை என்று சொல்லாது. அடுத்த வண்டி என்றுதான் சொல்லும். குடித்துவிட்டு வருகிறவர்களும் கூட்டத்தில் உரசுகிறவர்களும் சீக்கிரமே நடந்துபோகப் பழகிக்கொண்டார்கள். ஊருக்கு அது பிடித்திருந்தது. ஓட்டமூளையில் எந்த அதிகாரியும், தான் உட்பட, கைவைக்க முடியாது என்று ஆணையர் சட்டமே கொண்டுவந்தார். தானும் தினமும் பேருந்தில்தான் அலுவலகம் போவேன் என்றார். போனார்.

பவளக்கொடி பழைய பேருந்தில் நடத்துநராக இருந்தவள். வேலை போனது அவளுக்கு மட்டுமல்ல. ஆனால் அவளுக்கு நேர்ந்தது மற்றவர்களுக்கு நேரவில்லை. தானோடி அறிமுக விழாவில் மேடைத் திரையில் ஒரு காட்சியைப் போட்டார்கள். நெரிசலான பேருந்தில் காக்கிச் சட்டை அணிந்த ஒரு பெண், ஒருவன் சட்டையைப் பிடித்துக் காது கூசத் திட்டி இறக்கிவிடுகிறாள். “இதுதான் நேற்று” என்றார் சங்கமித்திரை. அரங்கமே சிரித்தது. அந்தப் பெண் பவளக்கொடி. அவன் ஒரு பள்ளிக்கூடப் பிள்ளையின் இடுப்பில் கைவைத்தது காட்சியின் முன்பாதியில் இருந்தது. அதை வெட்டியிருந்தார்கள்.

‘எறங்குடா நாயே’ என்ற அவள் குரல் ஊரெல்லாம் கைபேசிகளில் அழைப்பொலியானது. சம்பந்தி வீட்டில்கூட ஒருநாள் அது ஒலித்தது. சாப்பிட உட்கார்ந்தவள் பாதியில் எழுந்து கைகழுவிவிட்டு வந்துவிட்டாள். மறுநாள் ஆணையரைப் பார்க்கப் போனாள். சங்கமித்திரை அவளை உட்காரவைத்து, டீ வரவழைத்து, மறைக்காமல் சொன்னார். “முழுசாப் பாத்தேம்மா. நீங்க செஞ்சது சரிதான். ஆனா முழுசாப் போட்டா நடத்துநர் வேணும்னுல்ல எல்லாருக்கும் தோணும்?”

அந்த டீயை அவள் தொடவில்லை. வெளியே வந்தபோது, இந்த அம்மாள் நடுத்தெருவில் நிற்பதைப் பார்க்காமல் விடுவதில்லை என்று முடிவுசெய்திருந்தாள். எப்படி என்றுதான் தெரியாமல் இருந்தது. இப்போது, வண்டி அவரை விட்டுவிட்டுப் போனதைப் பார்த்ததும், தெரிந்தது.

தான் ஒருத்தி வெறுத்தால் ஒரு வண்டிதான் தவறும், அடுத்ததில் அந்த அம்மாள் ஏறிவிடுவார் என்பதை அவள் இரண்டொரு நாளில் புரிந்துகொண்டாள். எல்லா வண்டியிலும் ஆள் வேண்டும். வேலை இழந்தவர்களைப் பழைய பணிமனை எதிரே இருந்த டீக்கடைக்கு வரச்சொன்னாள். போராட்டம் என்று நினைத்துச் சிலர் தட்டி எழுதிக்கொண்டு வந்திருந்தார்கள்.

“அடிக்க வேணாம், கோசம் போட வேணாம்,” என்றாள் பவளக்கொடி. “வண்டியில ஏறுங்க. கம்பியப் புடிங்க. தெப்பக்கொளம் வர்றப்ப அவளை நெனைங்க. அது போதும்.”

சோணைமுத்து என்ற ஓட்டுநர் மட்டும் தயங்கினான். பவளக்கொடியோடு ஒரே வண்டியில் வருடக்கணக்காக வேலை பார்த்தவன், கூடப் பிறந்த தம்பி மாதிரி. யார் குறுக்கே வந்து விழுந்தாலும் ஒலிப்பானை அழுத்தாமல் பொறுமையாக நிற்கிறவன். தனக்கு அப்படியெல்லாம் கோபம் வராதே என்றான். அவள் அவனைத் தனியாக அழைத்துப்போய் உட்காரவைத்தாள். கடைசி நாளன்று வண்டியைவிட்டு இறங்க மனமில்லாமல் அவன் ஸ்டியரிங்கில் தலை கவிழ்ந்து கிடந்ததையும், காவலாளி வந்து தோளைத் தட்டி எழுப்பியதையும், அதையும் யாரோ படமெடுத்ததையும் திரும்பத் திரும்பச் சொன்னாள். அவன் கண் சிவக்கும்வரை விடவில்லை.

அடுத்த வாரத்திலிருந்து தெப்பக்குளத்தில் ஆணையருக்கு வண்டி நிற்கவில்லை. முதலில் அவர் சிரித்துக்கொண்டே காத்திருந்தார். பிறகு பலகையைத் தட்டிப் பார்த்தார். பிறகு நடந்தார். பங்குனி வெயிலில், காமராசர் சாலை நெடுக, முந்தானையால் கழுத்தைத் துடைத்துக்கொண்டு, அலுவலகம் இருந்த சிம்மக்கல்வரை நடந்தார். தான் போட்ட சட்டத்தால் ஓட்டமூளையைத் தொட முடியவில்லை. பேருந்தில்தான் வருவேன் என்று சொன்ன வாயால் கார் கேட்கவும் முடியவில்லை. தெப்பக்குளத்தை நெருங்கும்போதே வண்டியில் இருந்தவர்கள் சன்னல் பக்கம் சாய்ந்தார்கள். ஒருநாள் ஒரு மாணவன் கைபேசியை வெளியே நீட்டி ‘எறங்குடா நாயே’ ஒலியைப் போட்டான். வண்டியே குலுங்கிச் சிரித்தது. பவளக்கொடி தன் குரலைக் கேட்டுத் தானும் முதன்முறையாகச் சிரித்தாள்.

பக்கத்தில் பார்க்கவேண்டும் என்ற ஆசையில் ஒருநாள் அவள் இறங்கிச் சாலையோரம் நின்றாள். நடந்துவந்த சங்கமித்திரை அவளைக் கண்டதும் நின்றுவிட்டார். அவர் முகத்தில் கோபம் இல்லை. தூங்காத களைப்புத்தான் இருந்தது.

“நீங்கதானா,” என்றார். “இணக்க அளவைப் பாத்தீங்களா? என் நிறுத்தத்தைத் தாண்டும்போது வண்டியில எல்லாரோட நாடியும் ஒண்ணாத் துடிக்குது. உங்க ஆளுங்க மட்டும் இல்ல. நான் யாருன்னே தெரியாதவங்களும்தான். இவ்வளவு இணக்கம் இதுவரைக்கும் வந்ததே இல்ல.”

“நீங்க கேட்டது அதுதான மேடம்.”

“நான் போயிடுவேன். ஓட்டமூளை அந்த ருசியைப் பாத்திருச்சு. வேற ஆளைத் தேடும்.”

தோற்றவர் பேச்சு இப்படித்தான் இருக்கும் என்று எண்ணிக்கொண்டாள் பவளக்கொடி. அந்த மாதமே ஆணையர் பதவி விலகி ஊரைவிட்டுப் போனார். டீக்கடையில் அவளுக்கு மாலை போட்டார்கள். சோணைமுத்து அல்வா வாங்கிவந்து எல்லாருக்கும் கொடுத்தான்.

வேலை திரும்பக் கிடைக்கவில்லை. பவளக்கொடி சிம்மக்கல்லில் ஒரு மருந்துக்கடையில் சேர்ந்தாள். வண்டிகள் ஓடின. கொஞ்ச நாள் கழித்துக் காமராசர் சாலையில் ஒரு நிறுத்தத்தில், ஒயர் கூடையில் ஆஸ்பத்திரிக்குச் சாப்பாடு கொண்டுபோகிற ஒரு மனிதர் ஏறமுடியாமல் நின்றுகொண்டிருந்தார். மறுநாளும் நின்றார். அவரைக் கண்டதும் வண்டி மெல்ல ஊர்ந்தது, உள்ளே இருப்பவர்கள் நன்றாகப் பார்ப்பதற்கென்றே. பிறகு கிளம்பியது. எல்லாரும் சன்னல் பக்கம் சாய்ந்தார்கள். பவளக்கொடியும் சாய்ந்தாள். நெஞ்சில் வெதுவெதுப்பாக ஏதோ பரவியது. பக்கத்தில் இருந்த முன்பின் தெரியாத பெண் அவளைப் பார்த்துச் சிநேகமாகச் சிரித்தாள்.

“அவரு என்ன பண்ணாரு?” என்று கேட்டாள் பவளக்கொடி.

“தெரியலக்கா. ஏதாச்சும் பண்ணிருப்பாரு.”

ஒவ்வொரு தடத்துக்கும் அப்படி ஓர் ஆள் வந்துவிட்டார். பழங்காநத்தத்தில் ஒரு கணக்கு வாத்தியார், வில்லாபுரத்தில் ஒரு கர்ப்பிணி. நகரோட்டத்துக்குப் புகார் வருவதே நின்றுபோனது. புதிதாக வந்த ஆணையர் இணக்க அளவைக் காட்டி விருது வாங்கினார்.

ஒருநாள் காலை ஒயர் கூடைக்காரர் வண்டியின் பின்னாலேயே ஓடிவந்தார். செருப்பு தடுக்கி விழுந்தார். தூக்குச்சட்டி திறந்து ரசமும் சோறும் தார்ச்சாலையில் சிதறின. அவர் முழங்காலைக்கூடப் பார்க்காமல் சோற்றைக் கையால் அள்ளப் பார்த்தார். வண்டிக்குள் இதமான ஒரு பெருமூச்சு எழுந்தது. பவளக்கொடி மட்டும் இருக்கையிலிருந்து பாதி எழுந்துவிட்டாள். ஐயோ என்று வாய்விட்டுச் சொன்னாள். அவள் கை கம்பியின் மேல்தான் இருந்தது.

மறுநாள் அவள் வழக்கமாக ஏறும் அனுப்பானடி நிறுத்தத்தில் அவள் பெயருக்கு நேரே ‘அடுத்த வண்டி’ என்று வந்தது. அதற்கடுத்த வண்டிக்கும் அதேதான். மூன்றாவது வண்டி அவள் முன்னால் மெல்ல ஊர்ந்தபோது சன்னலோரம் சோணைமுத்து இருந்தான். பேர் சொல்லிக் கூப்பிட்டாள். நல்ல மழையை வேடிக்கை பார்ப்பதுபோல் அவளைப் பார்த்துக்கொண்டே போனான்.

அன்று மாலை ஆற்றைத் தாண்டிச் செல்லூரில் இருந்த அவன் வீட்டுக்கு நடந்தே போனாள். அவன் அவளை உள்ளே அழைத்து உட்காரச்சொன்னான். தலைகுனிந்துகொண்டுதான் பேசினான்.

“உங்க மேல ஒரு கோவமும் இல்லக்கா. அங்க உக்காந்தா நெஞ்சுக்கு எதமா இருக்கு. வேலை போனதுக்கப்புறம் நாலு பேரோட ஒண்ணா இருக்காப்ல தெரியிறது அப்ப மட்டுந்தான். விட மனசு வரல.” சற்று நிறுத்தி, “நீங்க சொல்லிக்குடுத்ததுதான,” என்றான்.

அவள் எழுந்து வந்தாள்.

அதன்பிறகு தினமும் நடந்தாள். முழங்கால் வீங்கியது. வேலைக்குத் தாமதமாகிறது என்று மருந்துக்கடைக்காரர் முகம் சுளித்தார். ஒருநாள் கால் வலி தாங்காமல் நிறுத்தத்து பெஞ்சில் உட்கார்ந்து கம்பியைப் பிடித்துக்கொண்டாள். எதமா இருக்கு என்று அவன் சொன்னது காதில் வந்து நின்றது. என் தம்பி என்று நினைத்திருந்தேனே. என் கால் வலி அவனுக்கு இதமா? நெஞ்சு கொதித்தது. அவன் முகத்தை நினைக்க நினைக்க விரல்கள் தாமாக இறுகின.

பலகையில் அவள் பெயர் அழிந்தது. ஒரு வண்டி வந்து, அவள் முன்னால் கதவைத் திறந்துகொண்டு நின்றது.

ஏறினாள். சன்னலோர இருக்கை காலியாக இருந்தது. இரண்டொருவர் கால்களை ஒதுக்கி வழிவிட்டார்கள். வண்டி சிம்மக்கல்லில் நிற்கவில்லை. வைகைப் பாலத்தில் ஏறிச் செல்லூர்ப் பக்கம் திரும்பியது. அது அந்த வண்டியின் தடமே அல்ல. யாரும் கேட்கவில்லை. எல்லார் கைகளும் கம்பியின் மேல் இருந்தன.

தூரத்து நிறுத்தத்தில் சோணைமுத்து தனியாக நின்றுகொண்டிருந்தான். வெகுநேரமாக நிற்கிறான் போலிருந்தது. சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது. வண்டியைக் கண்டதும் கைகாட்டினான். பிறகு சன்னலில் அவளைக் கண்டுகொண்டான். அக்கா என்று அவன் வாய் அசைந்தது.

கையை எடுத்துவிடலாம் என்று நினைத்தாள். எடுத்தால் நாளைக்கு மறுபடி நடக்கவேண்டும்.

அவன் முகம் நன்றாகத் தெரியும்படி வண்டி மெதுவாக ஊர்ந்தது. பவளக்கொடி இன்னும் கொஞ்சம் சன்னல் பக்கம் சாய்ந்து உட்கார்ந்தாள். நெஞ்சுக்கு இதமாகத்தான் இருந்தது.