நாரைக்குத் திறந்த கண்

இறகு கோதும் நாரையை எப்போது படம் எடுத்தாலும் அதன் கண் வெள்ளையாகவே விழுந்தது. செல்லப்பாண்டி முதலில் வெளிச்சத்தின் மேல் பழி போட்டான், பிறகு லென்ஸின் மேல். சின்னமனூர்க் கண்மாயில் விடியும் நேரத்தில் முழங்கால் தண்ணீரில் இறங்கி, கோரைத் தட்டிக்குப் பின்னால் கறுப்புத் துணியைத் தலைக்கு மேல் போட்டுக்கொண்டு, சேற்றின் புழுங்கிய வாடையில் மூச்சை அடக்கி நின்று பார்த்தபோதுதான் விஷயம் தெரிந்தது. அலகை மார்பு இறகுக்குள் நுழைக்கும்போது, இமை திறந்தே இருக்க, உள்ளிருந்து மெல்லிய தோல் ஒன்று பக்கவாட்டில் நகர்ந்து வந்து கண்ணை மூடியது. அவனுக்குப் பிடரி சில்லிட்டது. பறவை என்றால் அப்படித்தான் போலும் என்று தேற்றிக்கொண்டான்.

நாரைப் படம் கேட்டிருந்த எஸ்டேட் துரைக்கு அந்தச் சமாதானம் போதவில்லை. கோதுகிற நாரையும் வேண்டும், கண்ணும் தெரிய வேண்டும் என்று சொல்லியனுப்பிவிட்டார். துரையிடம் போய் நாரைக்காக யார் வாதாடுவது? செல்லப்பாண்டியின் கைவசம் ஒரு வித்தை இருந்தது. இழவு வீடுகளில் பிணத்தை நாற்காலியில் சார்த்திப் படம் எடுத்தே பிழைத்தவன் அவன். கண்மூடிய படத்தைச் சுவரில் மாட்ட யாருக்கும் மனம் வராது. அதனால் செத்தவரின் பிள்ளையையோ உடன்பிறந்தவரையோ எதிரே உட்கார வைத்து, அந்தக் கண்ணைப் பார்த்துப் பார்த்து, படம் பதிந்த கண்ணாடித் தகட்டில் ஊசியால் சுரண்டுவான். படத்தில் பிணம் விழித்துக்கொள்ளும்.

நாரைக்கு எந்த உறவைத் தேடுவது? எதிரே ஒரு முகம் இல்லாவிட்டால் அவன் கைக்குக் கண் வராது. மகள் மாயக்காளைக் கூப்பிட்டு ஜன்னலோரம் உட்கார வைத்தான். அவள் கண்ணின் வெள்ளையில் எள்ளளவு ஒரு மச்சம் உண்டு. கை சும்மா இருக்காமல், தகட்டில் இருந்த நாரைகள் எல்லாவற்றுக்கும் அதையும் சேர்த்தே சுரண்டி வைத்தான். வேலை நன்றாக அமைந்ததில் அவனுக்குக் கொஞ்சம் பெருமைகூட.

மறுநாள் காலையில் மனைவி பஞ்சம்மாள் அவனை உலுக்கி எழுப்பினாள்.

"பிள்ள கண்ணத் தொறந்துதான் வச்சிருக்கா. உள்ள இன்னொரு இமை மூடியிருக்குங்க."

அவன் போய்ப் பார்த்தான். வெள்ளை. பக்கவாட்டில் வந்து மூடிய வெள்ளை. அதைத் தான் எங்கே பார்த்தோம் என்று யோசிக்க வேண்டியிருக்கவில்லை. வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு கண்மாய்க்கு ஓடினான். கரையில் கால் வழுக்கி விழுந்தான், எழுந்தான், தண்ணீரில் இறங்கினான்.

நாரைகள் கோதிக்கொண்டிருந்தன. இறகுகளுக்குள் அலகு போய் வரும் சரசர ஓசை கண்மாய் முழுக்கக் கேட்டது. பிறகு நின்றது. ஒவ்வொன்றாகத் தலையைத் தூக்கின.

கறுத்த, ஈரமான கண்கள். எல்லாவற்றிலும் மச்சம். சூரியன் பனையின் மறைவிலிருந்து விலகி வெயில் பட்டதும், மாயக்காள் எப்படிச் சுருக்குவாளோ அப்படியே சுருக்கின.

அவன் ஓடினான்.

வீட்டில் பஞ்சம்மாள் நடந்ததைச் சொன்னாள். அவன் போனதிலிருந்து பிள்ளை மூலையில் நின்றபடி பேசிக்கொண்டே இருந்தாளாம். அய்யா கரையில் விழுந்துட்டாக, எந்திரிச்சுட்டாக, தண்ணிக்குள்ள நிக்கிறாக என்று. அவன் முழங்கையில் இருந்த சேற்றை அதற்குப் பிறகுதான் பஞ்சம்மாள் பார்த்தாள்.

செல்லப்பாண்டி தகட்டை எடுத்து ஆட்டுக்கல்லுக்கு மேலே ஓங்கினான். பஞ்சம்மாள் அவன் கையைப் பிடித்துத் தொங்கினாள்.

"ஒடைக்காதீக. பிள்ளைக்கு அதுலதான் பார்வ இருக்கு."

கை தானாக இறங்கியது. சுரண்டியதைத் திரும்ப ஒட்டும் வித்தையை யாரும் அவனுக்குக் கற்றுத் தந்ததில்லை. பெற்ற பிள்ளையை நானே கொடுத்துவிட்டேனே என்று நெஞ்சுக்குள் கதறினான். பஞ்சம்மாள் தகட்டை வாங்கி மடியில் வைத்துக்கொண்டு சுவரோரம் சரிந்தாள்.

மாயக்காள் மூலையில் சுவரைப் பார்த்து நின்றாள். ஒற்றைக் காலில். மற்றக் கால் பாவாடைக்குள் மடங்கியிருந்தது. அவன் அவளை நோக்கி ஓரடி வைத்தான். வாசல் அவனுக்குப் பின்னால் திறந்து கிடந்தது.

"அய்யா," என்றாள், திரும்பாமல். "ஒங்க முதுகு தெரியுது."

சேற்று வாடை. வாசற்படியில் தண்ணீர் சொட்டியது. பஞ்சம்மாள் வாசலைப் பார்த்துவிட்டு முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். அவன் திரும்பவில்லை. அவனால் முடியவில்லை.

மகளின் கழுத்து மெல்லப் பின்பக்கம் திரும்பியது. தோளைத் தாண்டியது. நிற்கவில்லை. முதுகுவரை வந்தது. வெள்ளைக் கண் அவனைப் பார்த்தபடி இருக்க, அவள் வாய் தன் தோள்பட்டைச் சதைக்குள் புதைந்து, மெதுவாக, பொறுமையாக, கோதத் தொடங்கியது.