ஒன்பதாவது நிமிடம்

புதன்கிழமை காலை பதினொன்று ஐந்து. மனநல ஆலோசகரின் அறையில் தையல்காரர் பையைத் திறந்தார். கண்ணாடிக் கூடு இருந்தது. வலி குறிக்கும் தாள் இருந்தது. ரெக்கார்டர் இல்லை.

"வீட்டுல மறந்து வெச்சிருப்பீங்க" என்றார் ஆலோசகர்.

"இல்ல டாக்டரம்மா. நேத்து கேட்டுட்டு மெஷின் டிராயர்லதான் வெச்சேன். காலையில டிராயர் காலி. என் பொண்ணு பாப்பா பையில போட்டிருப்பாளோன்னு நினைச்சேன்."

உள்ளங்கையில் அடங்கும் ஒரு கருவிக்காக எந்த போலீஸ் ஸ்டேஷனிலிருந்தும் ஆள் வராது. ஆனால் அந்த ஸ்டேஷனின் சீருடை முழுவதும் இவர் தைத்தது. பதினொன்று ஐம்பதுக்கு எஸ்.ஐ. வந்தார். ஓய்வுபெற ஏழு மாதம் இருந்தது. மாடி ஏறியதில் மூச்சு வாங்கியது.

"இவர் மனைவி இறந்து மூணு வருஷம் ஆச்சு" என்றார் ஆலோசகர். "சிலருக்கு அந்த நாள் நகராது. அதனால வாரம் ஒரு தடவை கண்ணை மூடிட்டு அந்த நாளை முழுசா சொல்லணும். பதிவு பண்ணித் தருவோம். வீட்டுல தினமும் கேக்கணும். எந்த நிமிஷத்துல வலி அதிகம்னு தாள்ல குறிக்கணும்."

"கேட்டா குறையுமா?"

"மெதுவா."

"என் முட்டி தினமும் பேசுது. நானும் கேட்டுட்டுதான் இருக்கேன்." எஸ்.ஐ. உட்கார்ந்தார். "வேற நகல் இருக்கா?"

"இல்ல. கடைசிப் பதிவு மட்டும்தான் இருந்துச்சு."

"அதுல ஏதோ இருக்கு சார்" என்றார் தையல்காரர். "ரெண்டு நாளா உறுத்துது. என்னன்னு பிடிபடல. இன்னொரு தடவை கேட்டா தெரிஞ்சுடும்."

"என்ன சொன்னீங்க? எனக்குச் சொல்லுங்க."

தையல்காரர் கண்ணை மூடினார். பத்து வாரப் பழக்கம்.

"மூணு மணிக்கு மருந்து வாங்கப் போனேன். அவ படுக்கையில. ஏழு மாசமா எழுந்திருக்கல. பாப்பா பக்கத்துல இருந்தா. கடையில வரிசை. நிக்கும்போதே மழை பிடிச்சுது. குடை எடுத்துட்டுப் போகல. நனைஞ்சுட்டே வந்தேன். வாசல்ல குடை விரிச்சுக் கிடந்துச்சு, தண்ணி சொட்டச் சொட்ட. ஓரமா நகர்த்திட்டு உள்ள போனேன். பாப்பா அவ கையைப் பிடிச்சுட்டு உக்காந்திருந்தா. 'அம்மா போயிட்டாங்கப்பா, என் கையைப் பிடிச்சுட்டே போயிட்டாங்க'ன்னா." கண்ணைத் திறந்தார். "அது ஒண்ணுதான் சார் என்னை நிறுத்தி வெச்சிருக்கு. அவ தனியா போகல."

எஸ்.ஐ. தாளை எடுத்தார். வியாழன் முதல் ஞாயிறு வரை பதினாலு, பதினாலு, பதினாலு, பதினாலு. திங்கள், செவ்வாய் இரண்டுக்கும் ஒன்பது. அழகான கையெழுத்து.

"யார் எழுதினது?"

"பாப்பா. எனக்குப் பொடி எழுத்து தெரியாது. நான் சொல்லுவேன், அவ எழுதுவா."

"பதினாலுல என்ன வருது?"

"அப்புறம் டாக்டர் வந்து அவ முகத்துல போர்வையை இழுத்து மூடினது."

"ஒன்பதுல?"

தையல்காரர் யோசித்தார். "வாசலுக்கு வந்தேன்னு நினைக்கிறேன்."

பன்னிரண்டு நாற்பது. தையல்கடை. பொத்தான் துளை தைக்கும் காஜாக்காரர் ஊசியிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"நானா? எனக்கெதுக்கு சார்? மெஷின் ஓடுற சத்தத்துல கேக்காதுன்னு சத்தமா வெச்சுத்தான் கேப்பார். தினமும் மூணு மணியானா அந்தம்மா இந்தக் கடையில சாவாங்க. காது புளிச்சுப்போச்சு, உண்மைதான். ஆனா எடுத்து என்ன பண்றது? அடுத்த வாரமே புதுசா சொல்லிட்டு வந்துடுவார்."

"ஒன்பதாவது நிமிஷத்துல என்ன வரும்?"

"நான் நிமிஷமெல்லாம் எண்ணல சார். காஜாதான் எண்றேன்."

ஒன்று பத்து. கடைக்கு மேலே வீடு. பாப்பாவுக்கு முப்பத்திரண்டு வயது. தைத்து முடித்த சட்டைகளை மடித்துக்கொண்டிருந்தாள்.

"கிடைச்சுதா சார்?"

"நீங்க குடுத்தா கிடைச்சுடும்."

அவள் கை நின்றது.

"நாலு நாள் உங்கப்பாவுக்கு வலி போர்வைகிட்ட இருந்துச்சு. அப்புறம் வாசலுக்கு வந்துடுச்சு. அது தெரிஞ்சது அவரைத் தவிர அந்தத் தாளை எழுதினவங்களுக்குத்தான். ரெண்டு தடவை ஒன்பதுன்னு எழுதினீங்க. மூணாவது தடவை எழுத வேண்டாம்னு பார்த்தீங்க."

"வாசல்ல என்ன சார் இருக்கு?"

"குடை. அவர் கிளம்பின பிறகுதான் மழை வந்துச்சு. அவர் நனைஞ்சுட்டு வந்தார். அப்ப குடை எப்படி நனைஞ்சுது? வீட்டுல இருந்தது ரெண்டு பேர். ஒருத்தரால எழுந்திருக்க முடியாது."

அவள் அடியிலிருந்த சட்டையை விரித்தாள். ரெக்கார்டர் உள்ளே இருந்தது.

"அரை மணிநேரம் சார். ஏழு மாசத்துல அந்த அரை மணிநேரம்தான். எந்த வேலையும் இல்ல. மழையில தெருமுனை வரைக்கும் நடந்துட்டு வரணும்னு தோணுச்சு. அம்மா தூங்கிட்டிருந்தாங்க. வந்து பார்த்தா..." அவள் ரெக்கார்டரைக் கையில் எடுத்தாள். "அஞ்சு நிமிஷத்துல அப்பா வந்துட்டார். கையைப் பிடிச்சுட்டே போயிட்டாங்கன்னு வாய்ல வந்துடுச்சு."

"ஏன் அழிக்கல?"

"'அவ தனியா போகல'ன்னு அதுல சொல்றார் சார். அதை எப்படி அழிக்க?"

எஸ்.ஐ. சுவரில் சாய்ந்தார். நாற்பது வருடத்தில் எத்தனையோ பேரைக் கண்டுபிடித்திருந்தார். இப்போது அசதியாக இருந்தது.

"டிராயருக்குப் பின்னாடி விழுந்து கிடந்துச்சுன்னு எழுதிடுறேன். அது ஒண்ணும் பெரிசில்ல. ஆனா அடுத்த வாரம் மறுபடியும் கண்ணை மூடுவாரேம்மா."

படியில் பலகை முனகியது. இருவரும் திரும்பினார்கள். தையல்காரர் மேலிருந்து மூன்றாவது படியில், கைப்பிடியைப் பற்றியபடி நின்றிருந்தார். எவ்வளவு நேரமாக என்று தெரியவில்லை. மகள் நீட்டிய ரெக்கார்டரை அவர் பார்க்கவில்லை. முகத்தில் கோபம் இல்லை.

"அம்மாடி, நீ வந்து தொட்டப்ப அவ கை சூடா இருந்துச்சா?"