பிரேமலதாவுக்கு எடுத்த சேலை

பேராச்சி அன்று தலைக்குக் குளிக்கவில்லை. ஆனாலும் பகல் மூன்று மணிக்குச் சீயக்காயும் ஈரமும் கலந்த கூந்தல் வாசம் அந்த ஒற்றை அறையை நிறைத்திருந்தது. தாராவிச் சந்தில் எந்நேரமும் வீசும் தோல் நாற்றமும் சாக்கடை நெடியும் அதற்குள் அமுங்கிப்போயிருந்தன. வெளியே தகரக் கூரைகள்மேல் மழை விடாமல் அடித்துக்கொண்டிருந்தது.

கரண்ட் இல்லை. அதனால் பட்டறையிலிருந்து சீக்கிரம் திரும்பிய கணவன் மாரிக்கண்ணன், அவள் கட்டியிருந்த மஞ்சள் சேலையைப் பார்த்ததும் வாசலிலேயே நின்றுவிட்டான்.

“இத எங்கட்டி எடுத்த?”

“பரண் பெட்டியில. எனக்குத்தானே வாங்கி ஒளிச்சு வச்சீங்க?”

அவன் கட்டிலில் உட்கார்ந்தான். விட்டுவிட்டுச் சொன்னான். கல்யாணத்துக்கு முன் ஊரில் அவன் விரும்பியவள் பிரேமலதா. அவளை அவனுக்குப் பேசி முடித்த மாதமே காய்ச்சலில் போய்விட்டாள். கன்னியாகச் செத்தவளுக்கு வருஷா வருஷம் புதுச்சேலை வைத்துப் படைக்க வேண்டும். அவள் வீட்டில் அதற்கு ஆள் இல்லை. அவன்தான் செய்கிறான்.

“படைக்கிறதுக்கு முந்தி யாரும் அதக் கட்டக் கூடாது.”

“காலிபீலி, சும்மா பயமுறுத்தாதீங்க. பம்பாய்ல பொறந்தவளுக்கு இதெல்லாம் என்ன தெரியும்? செத்தவளுக்கு வருஷம் தவறாம சேலை. எனக்குத் தீபாவளிக்கு நைட்டி.”

“அப்படி இல்லட்டி.”

“அப்ப சொல்லுங்க. உங்க மனசுல பொண்டாட்டி யாரு? அவளா, நானா?”

அவன் பார்வை சேலை முந்தானைக்குப் போனது.

“சொல்ல முடியலைன்னா அவளையே வரச் சொல்லுங்க. இங்கயே வந்து இருக்கட்டும்.”

“அப்படிக் கூப்பிடாத,” என்றான், மிகத் தாழ்ந்த குரலில்.

குளிப்பதற்கு மூலையில் தடுத்திருந்த மோரிக்குள் போய்த் திரையை இழுத்துவிட்டாள். சேலையை அவிழ்த்தாள். ஆறு வருஷக் குடும்பம். ஒரு வார்த்தை. அதைச் சொல்ல என்ன கஷ்டம் அவனுக்கு?

அவன் குரல் வந்தது.

“அழாத. நீதான்ட்டி. உன்னத் தவிர யாரும் இல்ல.”

நெஞ்சு இளகியது. நைட்டியை மாட்டிக்கொண்டாள்.

பிறகுதான் உறைத்தது.

அவள் அழவில்லை.

திரையை விலக்கினாள். கதவிடுக்கில் சாம்பல் வெளிச்சம். கட்டில். கண்மூடி உட்கார்ந்திருந்த மாரிக்கண்ணன். அவன் தோளில் சாய்ந்திருந்த ஒரு தலை. அதை மெல்ல வருடிக்கொண்டிருந்த அவன் கை.

திரைக்கம்பி கிறீச்சிட்டது.

அவன் கண் திறந்தான். மூலை இருட்டில் நின்ற பேராச்சியைப் பார்த்துத் திடுக்கிட்டு, பக்கத்தில் இருந்தவளை இறுக அணைத்துக்கொண்டான்.

“யாரது?”